ஏர் கன் மாட்டும் ஆணி

கண்ணு,

போன் அறுந்துபோன இடத்திலிருந்தே தொடங்குகிறேன். காதுகுத்து அன்றைக்கு உன் மகள் தாய்மாமன் மடியில் உட்கார்ந்து கத்தியதைப் பார்த்தாய். இரண்டு காதிலும் கம்பி ஏறியதைப் பார்த்தாய். அதற்குப் பிறகு நான் மைக்கை வாங்கியதையும் பார்த்தாய். "எல்லாரும் ஒரு நிமிசம் கேட்டுக்கங்க" என்று நான் சொன்னதோடு செல்வியின் போனில் உன் படம் நின்றுவிட்டது. வாயைத் திறந்தபடி அசையாமல் இருந்தாய். அம்மா யாரோடு சண்டைக்குப் போகிறாளோ என்று நீ பயந்தது அந்த முகத்திலேயே தெரிந்தது. அதன் பிறகு மூன்று முறை கூப்பிட்டுக் கேட்டுவிட்டாய். மழை பெய்ததா, நூல் விலை இறங்கியதா என்று நான் பேச்சை மாற்றிவிட்டேன். உன் பெண்டாட்டி செல்வியைக் கேட்டால் "உங்க அம்மாவையே கேட்டுக்கங்க" என்று சிரிக்கிறாளாம். அவள் சிரிக்கட்டும், அந்த உரிமை அவளுக்கு உண்டு. போனில் சொன்னால் பாதியில் எனக்குக் குரல் போய்விடும். அதனால்தான் பேனாவை எடுத்தேன். ஐந்தாவதோடு நின்ற படிப்பு. பிழை இருந்தால் நீயே திருத்திப் படித்துக்கொள். இந்தக் கடிதத்தை ஒளித்து வைக்க வேண்டாம். அங்கே உன்னோடு தங்கியிருக்கும் நம் பக்கத்துப் பையன்கள் கேட்டால் உரக்கவே படித்துக் காட்டு.

நீ கப்பல்காரன் மாதிரி மூன்று வருட ஒப்பந்தம் போட்டுக்கொண்டு ஆப்பிரிக்காவில் பனியன் கம்பெனி பார்க்கப் போனபோது சொல்லிவிட்டுப் போனது ஒன்றே ஒன்று. "அந்தப் பழைய காரை வித்துருங்கம்மா, செல்விக்கு அது தொந்தரவு" என்றாய். உன் அப்பா வாங்கிய கார். அவர் போய் ஐந்து வருடம் ஆகியும், அந்த ஓட்டும் சீட்டில் அவர் உட்கார்ந்த பள்ளம் அப்படியே இருக்கிறது. ஆனால் நீ சொன்னதும் பொய்யில்லை. நீ போன இரண்டாம் மாதமே கார் இழுக்காமல் போனது. செல்வி மிதித்தால் கறுப்புப் புகையைக் கக்கிவிட்டுக் கிடந்த இடத்திலேயே கிடந்தது. ஒரு நாள் உன் மகளைப் பள்ளியிலிருந்து கூட்டி வரும்போது அவிநாசி ரோட்டில் மேடேறும் இடத்தில் வேகம் செத்துவிட்டது. பின்னால் வந்த லாரிக்காரன் ஹாரனை விடாமல் அடித்திருக்கிறான். வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் செல்வி சாவியைத் தரையில் போட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். குழந்தை மட்டும் லாரி மாதிரி ஹாரன் அடித்துக் காட்டிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலையிலேயே, உன் வழக்கமான ஒர்க்ஷாப்புக்கு எடுத்துக்கொண்டு போகலாம், நீங்களும் வாங்க அத்தை என்றாள் செல்வி. கோயம்புத்தூர் போகிறோம் என்று நினைத்து நல்ல சேலை கட்டிக்கொண்டு ஏறினேன். பத்து வருடத்துக்கும் மேலாக நீ காரை எடுத்துக்கொண்டு போவதும், "கோயம்புத்தூர்ல பெரிய ஒர்க்ஷாப்மா, ஏசி ரூம்ல உக்கார வெக்கறாங்க" என்று சொல்வதும், திரும்பும்போது எனக்குப் பிடித்த கார மிக்சர் வாங்கி வருவதும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கார் அவிநாசியைத் தாண்டவே இல்லை. ஊருக்கு வெளியே, தேங்காய் மண்டிக்குப் பக்கத்தில் ஒரு தகரக் கூரை முன்னால் நின்றது. உள்ளேயிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தவர் காதர். தாடி முழுக்க வெளுத்துவிட்டது. ஆனால் இடது காலைக் கொஞ்சம் இழுத்து நடக்கும் அந்த நடை அப்படியே இருந்தது. அந்த மிக்சர் கடைக்கு அவிநாசி பஸ் ஸ்டாண்டிலும் ஒரு கிளை இருப்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன். நல்ல மகனைத்தான் பெற்றிருக்கிறேன்.

நான் இறங்கவில்லை. எனக்கு நினைவு கெட்டி என்று உனக்குத் தெரியும். உன் பெரியப்பா மகள் கல்யாணத்தில் முதல் பந்தியில் எனக்கு இலை போடாமல் விட்டது யார், அவள் அன்றைக்குக் கட்டியிருந்தது என்ன சேலை என்பதுவரை சொல்வேன். காதர் செய்ததை மட்டும் எப்படி மறப்பேன்? அதனால் பின்சீட்டில் உட்கார்ந்து ரோட்டையே பார்த்தேன். செல்வி திகைத்துப்போய்விட்டாள். அவளுக்குப் பழைய கதையில் அவளைப் பற்றிய பகுதிதான் தெரியும், அந்தக் காதர்தான் இவர் என்பது தெரியாது. காதர் காருக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு அவளிடம், "அக்கா உள்ளயே இருக்கட்டும்ங்க அம்மிணி. பானெட்டைத் தூக்கறதுக்கு அவுங்க எடை ஒண்ணும் தடை இல்லை" என்றார். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

உனக்குத் தெரிந்த கதைதான். ஆனாலும் எனக்குத் தெரிந்த மாதிரி ஒரு முறை எழுதிவிடுகிறேன். உன் நிச்சயத்துக்குக் காங்கேயம் போன நாள். காதர் அப்போது நம் தெருக்கோடியில்தான் ஷெட் வைத்திருந்தார். உன் அப்பாவுக்கு நெருக்கமான சிநேகிதர். இரண்டு பேரும் சாயங்காலம் ஒரே டீயை இரண்டு கிளாசில் ஊற்றிக் குடிப்பார்கள். முதல் நாள் அவர்தான் காருக்கு ஆயில் மாற்றிக் கொண்டுவந்து நிறுத்தினார். காலையில் கிளம்பினோம். முன்னால் மாப்பிள்ளை கார், பின்னால் சொந்தக்காரர்கள் வண்டி ஆறு. திருப்பூர்ப் பாலத்தில் ஏறும்போது காருக்குள் ஸ்டியரிங்குக்கு முன்னால் மஞ்சள் விளக்கு எரிந்தது. கார் திணற ஆரம்பித்தது. மாப்பிள்ளை காரைத் தாண்டி யாரும் முன்னால் போகமாட்டார்கள். ஊர்கோலம் மாதிரி ஊர்ந்து ஊர்ந்து போய்ச் சேர்ந்தபோது நல்ல நேரம் முடிந்து ராகு காலம் தொடங்கிவிட்டது. அது கழியும்வரை வாசலில் பந்தலுக்குள் எல்லாரும் காத்துக் கிடந்தோம். அப்போதுதான் செல்வியின் சின்னத் தாத்தா, வெற்றிலையை மென்றுகொண்டே, "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா எங்கூரு காளை ஒரு ஜோடி அனுப்பி வெச்சிருப்பமுங்களே" என்றார். பந்தல் முழுக்கச் சிரித்தது. அந்தச் சிரிப்பில் யார் யார் பல் தெரிந்தது என்பது இன்றுவரை எனக்குத் தெரியும்.

காங்கேயத்து மெக்கானிக் ஒருவன் வந்து பார்த்துவிட்டு, காற்று உள்ளே போகும் குழாயில் ஒரு சென்சார் இருக்கிறது, அது செத்துவிட்டது என்றான். எனக்கு அதற்குமேல் எதுவும் வேண்டியிருக்கவில்லை. நேற்று காரைத் தொட்டவர் காதர். நல்ல பொருளைக் கழற்றிக்கொண்டு செத்த பொருளை வைத்துவிட்டார் என்று அந்தப் பந்தலிலேயே, இரண்டு வீட்டுச் சொந்தமும் கேட்க, எழுந்து நின்று சொன்னேன். என் வீட்டு அவமானத்தை எடுத்துக் கொண்டுபோய் அவர் தலையில் கொட்டினேன். இரண்டு நாள் கழித்து அவரே வந்து வாசலில் நின்றார். "அக்கா, நான் ஆயில் மட்டுந்தானுங்க மாத்தினேன். ஃபில்டர் டப்பாவைக்கூடத் தொறக்கலைங்க" என்றார். "உங்க கை படாம அது எப்படிங்க சாகும்" என்று கேட்டேன். கோபத்திலும் 'ங்க' போட்டுத்தான் பேசினேன். மரியாதை குறையாமல் பேசியே ஒரு மனிதனைத் திருடனாக்கிவிட நம்மால் முடியும். உன் கல்யாணத்துக்குத் தெரு முழுக்கத் தட்டு எடுத்துக்கொண்டு போய் வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தேன். அவர் வீட்டு வாசலை மட்டும் தாண்டிப் போனேன். அவர் பெண்டாட்டி நூர்ஜகான் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நம் சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக அவரிடம் வண்டி விடுவதை நிறுத்தினார்கள். ஒரு வருடத்தில் ஷெட்டைப் பிரித்துக்கொண்டு போய்விட்டார். உன் அப்பாவைத் தூக்கிய அன்றைக்கு எதிர்ப்பக்கம் வேப்பமரத்தடியில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். நான் பார்த்தேன். உள்ளே வாங்க என்று சொல்லவில்லை.

இத்தனையும் மனதுக்குள் ஓட்டிக்கொண்டு பின்சீட்டில் உட்கார்ந்திருந்தேன். வெயில் ஏறியது. சேலைத் தலைப்பால் விசிறிக்கொண்டேன். முன்னால் காதர் செல்விக்கு ஒவ்வொன்றாகக் கழற்றிக் காட்டிக்கொண்டிருந்தார். கேட்கக் கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் காது என்ன செய்யும்? முதலில் ஒரு வால்வைக் கழற்றினார். போல்ட்டெல்லாம் துருப்பிடித்துப்போய் எண்ணெய் விட்டு ஊறவைத்துத்தான் அசைந்தது. உள்ளே புகைக்கூண்டு மாதிரி கரி அப்பிக் கிடந்ததாம். "என்ஜின் விட்ட புகையில கொஞ்சத்தைத் திரும்ப உள்ள விடற வால்வுங்க இது. தொறக்கோணும், மூடோணும். இது கரி புடிச்சுத் தொறந்த வாக்குலயே நின்னுபோச்சு. விட்ட புகையையே மறுபடி மறுபடி குடிச்சுக்கிட்டிருந்தா எப்படிங்க இழுக்கும்?" என்றார். என்னைச் சொல்கிறாரோ என்று ஒரு சந்தேகம் வந்தது. அவர் வால்வைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு காற்று வரும் பக்கம் போனார். ஃபில்டர் டப்பாவைத் திறந்ததும் உள்ளே பனியன் பஞ்சு மெத்தை மாதிரி திரண்டு கிடந்தது. வீட்டை ஒட்டிய நம் கம்பெனியின் செக்கிங் ரூம் எக்ஸாஸ்ட் ஃபேனுக்கு நேர் எதிரே காரை நிறுத்துகிறோம் அல்லவா, அந்தப் பஞ்சு. குழாயில் இரண்டு ஸ்குரூவைக் கழற்றி விரல் நீளத்தில் ஒரு கறுப்புப் பொருளை எடுத்துச் செல்வியிடம் காட்டினார். உள்ளே போகும் காற்று எவ்வளவு என்று இதுதான் அளந்து சொல்லும், அதை வைத்துத்தான் டீசல் எவ்வளவு என்று முடிவாகும், இதற்குள் முடியைவிட மெல்லிய கம்பி ஒன்று இருக்கிறது என்றார். இதிலும் பஞ்சு படிந்துவிட்டது, இதையும் பக்கத்தில் இருக்கும் இன்னொரு சென்சாரையும் மாற்றிவிடலாம் என்றார். கடைசியில், எல்லாருக்கும் சொல்வதைச் சொல்கிற குரலில், "புதுசு போட்ட பிறகு ஒண்ணே ஒண்ணுங்க அம்மிணி. உங்க கம்பெனியில பஞ்சை ஊதித் தள்ற ஏர் கன்னை இதுகிட்டக் கொண்டுபோயிராதீங்க. இந்த ஊர்ல எனக்குப் பாதி பொழப்பே அதுலதான். மிசினு, சட்டை, தலைமுடி எல்லாத்துக்கும் ஏர் கன் அடிச்சு பழகிட்டு, இதுக்கும் ஒரு அடி அடிச்சர்றாங்க. அந்தக் காத்து வேகத்துக்கு இந்தக் கம்பி தாங்காது" என்றார்.

கண்ணு, அந்த இடத்தில் என் கை விசிறுவதை நிறுத்திவிட்டது.

உன் நிச்சயத்தன்று காலை. நான் கட்டியிருந்தது அரக்குக் கரை போட்ட பச்சைச் சேலை. மாப்பிள்ளை கார் சுத்தமாக இருக்க வேண்டும் என்று முன்னால் துடைத்தேன். பானெட்டுக்குள்ளும் பஞ்சு தெரிந்தது. கம்பெனிக்குள் போய் ஏர் கன்னின் நீளக் குழாயை வாசல்வரை இழுத்து வந்தேன். இருபது வருடம் சனிக்கிழமை தவறாமல் நாற்பது ஓவர்லாக் தையல் மிசினுக்கு அடித்த கை. உன் அப்பா செய்து நான் பார்த்திருந்த மாதிரியே டப்பாவின் கிளிப்பை நெம்பி ஃபில்டரை எடுத்துத் தட்டினேன், அடித்தேன். குழாய்க்குள் ஒரு சின்னப் பொருளில் பஞ்சு ஒட்டியிருந்தது தெரிந்தது. கன்னை உள்ளே விட்டு நன்றாக அடித்தேன். ஒரே அடியில் பஞ்சு பறந்தது. டப்பாவை மூடிவிட்டு, சேலையில் ஒட்டியதையும் அடித்துக்கொண்டு, பூ வைக்கப் போய்விட்டேன். வாசல் பெருக்கியதை யாராவது தனியாக நினைவில் வைப்பார்களா? அது மாதிரிதான் அதுவும். யார் இலை போடவில்லை, யார் பல் தெரியச் சிரித்தார்கள் என்று எல்லாவற்றையும் வைத்திருந்த என் நினைவு, என் கை செய்ததை மட்டும் வைக்கவில்லை. அவர் சொன்ன பிறகு அது முழுசாக, அந்தச் சத்தத்தோடு திரும்பி வந்தது.

கதவைத் திறந்து இறங்கினேன். கால் மரத்துப் போயிருந்தது. காரைப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன். "காதரு, அன்னைக்கு அடிச்சது நானுங்க" என்றேன். அவர் ஸ்குரூவைத் தேடுகிற மாதிரி கீழே குனிந்துகொண்டார். "தெரியுமுங்க அக்கா" என்றார்.

அதன் பிறகுதான் எல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். செத்த சென்சாரைப் பிரித்துப் பார்த்துக் கம்பி அறுந்திருப்பதைக் காங்கேயத்து மெக்கானிக் உன்னிடம் சொல்லியிருக்கிறான். ஏர் கன் குழாய் வாசலில் கிடந்ததை நீ காலையில் பார்த்திருக்கிறாய். அடுத்த வாரமே அந்தப் பொருளை எடுத்துக்கொண்டு காதரிடம் போய், அம்மாவிடம் சொல்லிவிடுகிறேன் என்று அழுதிருக்கிறாய். அவர்தான் தடுத்திருக்கிறார். கல்யாண நேரம், சம்பந்தி வீட்டில் உங்கள் அம்மாவுக்கு முகம் இல்லாமல் போய்விடும், கல்யாணம் முடியட்டும் என்றாராம். கல்யாணம் முடிந்தது, பிறகு உன் அப்பாவுக்கு உடம்பு சரியில்லாமல் போனது, அப்படியே பன்னிரண்டு வருடம். அந்தக் காரை வேறு யார் கையிலும் கொடுக்காமல் நீ அவரிடமே கொண்டுபோயிருக்கிறாய். ஒரு பொய்யை இத்தனை வருடம் மிக்சர் வாங்கிக் காப்பாற்றினாயே, அதற்கு உனக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். என்னைத் தலைகுனிய விடக் கூடாது என்று இரண்டு ஆண்பிள்ளைகள் பேசி வைத்துக்கொண்டது, நான் பெற்ற எந்தச் சீரையும்விடப் பெரியது.

ஆனால் உன் மேல் எனக்கு ஒரு வருத்தமும் உண்டு. அதையும் எழுதாவிட்டால் நான் உன் அம்மா இல்லை. நீ என் முகத்தைப் பார்த்தாய். செல்வியின் முகத்தைப் பார்க்கவில்லை. "உன்னை நிச்சயம் பண்ண வந்த அன்னைக்குத்தான் எங்க கார் மொத மொதல்ல நின்னுச்சு" என்று அவளிடம் எத்தனை முறை சொல்லியிருப்பேன்? குழம்பில் உப்புக் கூடினால் சொன்னேன். ஆர்டர் கைவிட்டுப் போனால் சொன்னேன். குழந்தை இல்லாமல் இருந்த எட்டு வருடத்தில் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வந்து அவள் சோர்ந்து படுத்திருந்தபோதும் சொன்னேன். அதில் சில உன் காதிலும் விழுந்திருக்கும். அன்றைக்கே நீ வாயைத் திறந்திருந்தால் எனக்கு ஒரு வாரம் முகம் வாடியிருக்கும். அவளுக்குப் பன்னிரண்டு வருடம் மிஞ்சியிருக்கும். அங்கே உனக்குக் கீழே இருநூறு பெண்பிள்ளைகள் தைக்கிறார்கள் என்கிறாய். பீஸ் கெட்டுப்போனால் யார் கை என்று தேடுவதற்கு முன்னால் உன் கை காலையிலிருந்து எங்கெல்லாம் போனது என்று பார். பெரியவர் ஒருவரின் முகத்தைக் காப்பாற்ற நினைக்கும்போது, அதற்காக வாடுவது யாருடைய முகம் என்றும் பார். என் தவறையும் உன் தவறையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அன்றைக்கு முழுக்க அங்கேயே இருந்தோம். காதர் புது வால்வுக்குப் புது கேஸ்கெட் வைத்து முடுக்கினார். புதுச் சென்சார்கள் இரண்டையும் பொருத்தினார். ஒயர் சொருகும்போது டக் என்று கேட்டது. பிறகு ஒரு பெட்டியை மாட்டி, பழைய குறையையெல்லாம் கார் மறக்க வேண்டும் என்று ஏதோ அமுக்கினார். மறப்பதற்கு ஒரு பொத்தான் இருப்பது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. திரும்பி வரும்போது கார் பெருமாநல்லூர் மேட்டில் ஏறியதே தெரியவில்லை. வீட்டு வாசலில் நிறுத்தி, என்ஜினை அணைக்காமல், முன்னால் பார்த்தபடியே செல்வி கேட்டாள்: "பன்னெண்டு வருசமுங்க அத்தை. காரு நின்னா என்ன கோளாறுன்னு தொறந்து பாக்கறதுக்கு ஒரு ஆளாச்சும் இருந்துச்சுங்க. எனக்கு யாருங்க இருந்தாங்க?" நான் அவள் கையைப் பிடித்தேன். அவள் உருவிக்கொள்ளவும் இல்லை, பிடித்துக்கொள்ளவும் இல்லை. மறுநாள் எனக்குக் காப்பி வந்தது. அதற்கு மறுநாள் அவளுக்கு நான் போட்டுக் கொடுத்தேன். இப்போது அப்படித்தான் போகிறது.

காதுகுத்துக்கு அழைக்கும்போது முதல் தட்டு காதர் வீட்டுக்குத்தான் என்று செல்விதான் சொன்னாள். அவளே ஓட்டி வந்தாள். காதர் எழுந்து வந்து தட்டை வாங்கக் கையை நீட்டினார். பின்னாலிருந்து நூர்ஜகான், "இருங்க" என்றாள். என்னைவிடப் பத்து வயது இளையவள். ஒரு காலத்தில் எனக்குத் தலை வாரிவிட்டவள். "அவரு அன்னைக்கே மன்னிச்சுட்டாருங்க அக்கா. அவரு குணம் அது. நான் மன்னிக்கலைங்க. நீங்க இத எங்கூட்டு நடையில வந்து சொல்றீங்க. அன்னைக்கு நடையில வெச்சா சொன்னீங்க? பந்தல்ல எழுந்திரிச்சு நின்னு சொன்னீங்க" என்றாள். காதர் அவளை அதட்டப் பார்த்தார். நான் தடுத்தேன். பன்னிரண்டு வருடம் ஒன்றை விடாமல் பிடித்து வைத்திருந்தாள் பார், அவளை எனக்கு அப்போதுதான் மிகவும் பிடித்தது. அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் தட்டையே தட்டிவிட்டிருப்பேன். "வாங்க நூரு, அதே சனத்துக்கு முன்னால சொல்றேன்" என்றேன். வருகிறேன் என்று அவள் சொல்லவில்லை. வெற்றிலையை மட்டும் எடுத்துக்கொண்டாள்.

மண்டபத்தில் காது குத்தும் நேரம்வரை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். காதர் வந்து உட்கார்ந்தார்; பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. கம்பி ஏறிக் குழந்தை அழுது ஓய்ந்தபோதுதான் நூர்ஜகான் உள்ளே வந்தாள். உட்காரவில்லை, தூணோரம் நின்றாள். நான் மைக்கை வாங்கினேன். உன் படம் நின்றது. இனி நீ பார்க்காதது.

"எல்லாரும் ஒரு நிமிசம் கேட்டுக்கங்க. எம் மகன் நிச்சயத்துக்கு வந்தவங்க இங்க பாதிப் பேரு இருக்கறீங்க. அன்னைக்கு நம்ம காரு நின்னதுக்குக் காதருதான் காரணம்னு நான் சொன்னேன். அது பொய்யிங்க. அந்தச் சென்சாரு மேல ஏர் கன் அடிச்சது நானு. எம் மருமக வந்த நேரம்னு சொன்னதும் பொய்யி. அந்த மனுசன் கையும் சுத்தம், எம் மருமக காலும் சுத்தம்" என்றேன். மைக் கரகரத்தது. மேளக்காரர் குச்சியைக் கீழே வைத்துவிட்டார். அந்த அமைதியில் செல்வியின் சின்னத் தாத்தா, இப்போது அவருக்குக் காதும் சரியாகக் கேட்பதில்லை, பக்கத்தில் இருந்தவரிடம் விவரம் கேட்டுக்கொண்டு உரத்த குரலில் சொன்னார்: "இதுக்குத்தான் அன்னைக்கே சொன்னேன். எங்கூரு காளைக்கு ஏர் கன் அடிச்சிருந்தா உதைச்சிருக்கும். யாரு அடிச்சதுன்னு அங்கயே தெரிஞ்சிருக்கும்." மண்டபம் சிரித்தது. இந்த முறை யார் பல் தெரிந்தது என்று நான் பார்க்கவில்லை, நானும் சிரித்துக்கொண்டிருந்தேன். செல்வி குழந்தையைத் தூக்கிக்கொண்டு மேடைக்கு வந்து, என் கையிலிருந்த மைக்கை வாங்கி வைத்துவிட்டு, குழந்தையை என் இடுப்பில் கொடுத்தாள்.

நூர்ஜகான் முதல் பந்தியில் என் பக்கத்து இலையில் உட்கார்ந்து சாப்பிட்டாள். ரசத்தில் உப்புக் குறைவு என்று சொன்னாள். எழுந்து கை கழுவிவிட்டுக் கிளம்பும்போது, கைப்பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பொட்டலத்தை எடுத்து என் கையில் வைத்தாள். நீ அழுதுகொண்டு கொண்டுபோய்க் கொடுத்தாயே, அந்தச் செத்த சென்சார். அவள் புருசன் குப்பையில் போட்டதை எடுத்து அரிசிப் பானைக்குள் வைத்திருந்தாளாம். என்றைக்காவது நாலு பேர் முன்னால் காட்ட வேண்டும் என்று. "இனி எங்கூட்டுல இதுக்கு வேலை இல்லைங்க அக்கா" என்றாள்.

கார் விற்பனைக்கு இல்லை. செல்வி அதில்தான் போகிறாள், வருகிறாள். எக்ஸாஸ்ட் ஃபேனுக்கு எதிரே நிறுத்துவதில்லை. சென்சாரை நம் கம்பெனியில், ஏர் கன் மாட்டும் ஆணியிலேயே நூல் கட்டி மாட்டியிருக்கிறேன். வடக்கேயிருந்து புதிதாக வேலைக்கு வந்த பிள்ளைகள் இது என்ன என்று இந்தியில் கேட்கிறார்கள். செல்வி சொல்கிறாள். எனக்கு இந்தி தெரியாது. ஆனால் அவள் என்னைக் காட்டிச் சிரிக்கும் இடம் மட்டும் தெரிகிறது. இருந்துவிட்டுப் போகட்டும். கன்னை எடுக்கப் போகும் கை, என் கையாக இருந்தாலும், முதலில் அதைத் தொட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.

அம்மா